தன்னலம் என்னும் சொல்: ஓர் உயிர்நூல் ஆராய்ச்சி

நூற்பொருளைத் துணிய விரும்புவார் முதற்கண் அறியவேண்டுவது, அந்நூலிற் பயிலுஞ் சொற்களுள் எவை நேர்ப்பொருளில் நின்றன, எவை இலக்கணையால் வந்தன என்பதாம். 'கங்கைக்கண் இடைச்சேரி' என்றவழி, நீரின்மேல் ஊர் நிற்றல் இயலாமையின், கங்கைக் கரைக்கண் உள்ளது இடைச்சேரி என்று கொள்வது உரையாசிரியர் மரபு. அங்ஙனங் கொள்ளாது, 'ஆற்றின்மேல் ஊர் உண்டோ' என்று நகுவானும், உண்டென்றே நம்பித் தோணி தேடுவானும் ஒருங்கே பிழைபட்டவராவர். இவ்விருதிறப் பிழையும் ஒரு மேனாட்டு நூலின்கண் ஏறக்குறைய அரை நூற்றாண்டாக நிகழ்ந்து வருகின்றன. அந்நூல், ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்பார் இயற்ற, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தார் 1976-இல் வெளியிட்ட 'தி செல்ஃபிஷ் ஜீன்' என்பது. 'தன்னல மரபணு' என்பது அப்பெயரின் பொருள்.

விலங்குகளின் உறுப்பும் ஒழுக்கமும், அவற்றோடு ஒப்ப மாந்தர்தம் இயல்புகளும், எம்முறையால் இன்றுள்ள நிலையை எய்தின என்று விளக்குதலே இந்நூலின் கருத்து. இதனைக் கற்றாருள் ஒருசாரார், 'உயிர்களெல்லாந் தன்னலமே வடிவாயின என்று இந்நூல் கூறுகின்றது. ஆதலின் இஃது அறநூற்குப் பகை' என்று வெறுப்பர். மற்றொரு சாரார், 'தன்னலமே இயற்கை என்று விஞ்ஞானம் நாட்டிற்று. ஆதலின் அவ்வழி ஒழுகுதலிற் குற்றமில்லை' என்று மகிழ்வர். இவ்விருவரும் தம்முட் பகைவரேனும் ஒரு சொற்குப் பிழைபட உரை கண்டமையில் ஒத்தவரே. அது காட்டுதற்கு, இந்நூற்கு அடிநிலையாய கொள்கை முன்னர் ஆராயப்படும்.

இக்கொள்கையைத் தமிழிற் பரிணாமம் என்றுங் கூர்தலறம் என்றும் வழங்குவர். பரிணாமம் என்னுஞ் சொல் தத்துவ நூல்களில் ஒரு பொருள் தன் முன்னிலை திரிந்து பிறிதொரு நிலை எய்துதலைக் குறிக்கும். பால் தயிராதல் அதற்குத் திட்டாந்தம். சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலிற் கூறியது அதுவன்று. ஓரினத்துப் பிறந்தன தம்முள் சிறிது வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளுட் சில பெற்றோரிடமிருந்து மக்கட்குச் செல்கின்றன. பிறப்பன எல்லாம் பிழைத்திருக்க இடமும் உணவும் போதா. ஆகவே அவ்விடத்திற்கு ஏற்ற வேறுபாடு உடையன மிகுதியாய்ப் பிழைத்து மிகுதியாய் ஈனுகின்றன. இம்மூன்றும் உளவாயின், தலைமுறைதோறும் அவ்வேறுபாடு அக்கூட்டத்திற் பெருகும் என்பது கருதலளவையாற் பெறப்படும். இதனையே டார்வின் 'இயற்கைத் தெரிவு' என்றனர்.

இதற்குக் காட்சியளவையும் உண்டு. தென்னமெரிக்காவிற்கு மேற்கே பசிபிக் பெருங்கடலிலுள்ள கலாபகசுத் தீவுகளுள் டாப்னி மேஜர் என்னுஞ் சிறுதீவில், பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1973 தொடங்கிப் பல்லாண்டு ஒருவகைச் சிறு பறவைகளைப் பிடித்து அளந்து வந்தனர். 1977-இல் அத்தீவில் மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகள் தீர்ந்துபோக, வலிய பெருவிதைகளே எஞ்சின. அலகு சிறுத்த பறவைகள் பெரும்பாலும் மாண்டன. அலகு பருத்தன அவ்விதைகளை உடைத்துண்டு மிகுதியாய்ப் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகள் முந்தைய தலைமுறையினும் பருத்த அலகுடையனவாயின. இதன்கண் எந்தப் பறவையும் தன் அலகைத் திரித்துக்கொண்டதில்லை. கூட்டத்துள் இருவகை அலகின் விழுக்காடே மாறிற்று. பால் தயிராதலோடு இஃது ஒவ்வாமை உணரப்படும். எனவே பரிணாமம் என்னும் பெயரை இதற்கு வழங்குவார், தத்துவ நூற்பொருளின் நீக்கி வழங்குதல் வேண்டும்.

இனி, இக்கொள்கையிற் பயிலும் போராட்டம், தெரிவு என்னுஞ் சொற்கள் ஆராயத்தக்கன. 'வாழ்க்கைப் போராட்டம்' என்பதனை விரிந்த பொருளில் உருவகமாகவே வழங்குவதாக டார்வின் தம் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் முன்னரே ஓதினர். இரைக்காகப் பொருதும் இரு விலங்குகளின் பகை மட்டுமன்றி, பாலைநிலத்தின் ஓரத்து நிற்குஞ் செடி ஈரத்தை வேண்டி நிற்றலும், ஓருயிர் மற்றோருயிரைச் சார்ந்து வாழ்தலும், வழித்தோன்றலை விட்டுச் செல்லுதலும் அச்சொல்லுள் அடங்கும் என்பது அவர் கொண்ட பொருள். 'தெரிவு எனின் தெரிவான் ஒருவன் வேண்டுமன்றே' என்று தடை எழுந்தபோது, 1861-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதற்கு விடை சேர்த்தனர். வேதிநூலார் ஒரு பொருள் மற்றொன்றை விரும்பிச் சேர்வதாகக் கூறுதலும், வானநூலார் ஈர்ப்புவிசை கோள்களை ஆளுவதாகக் கூறுதலும் எவ்வகையவோ, இதுவும் அவ்வகைத்து என்பது அவ்விடையின் சாரம்.

1864-இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் வழங்கிய 'தக்கன பிழைத்தல்' என்னுந் தொடரை டார்வின் 1869-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஏற்றுக்கொண்டனர். அது புதிய மயக்கத்திற்கு இடமாயிற்று. தக்கது என்றது அவ்விடத்திற்கும் அக்காலத்திற்கும் ஏற்றதனை. வலியதனையோ உயர்ந்ததனையோ அன்று. அதனை வலிமை எனக் கொண்டு வறியாரையும் எளியாரையும் கைவிடுதற்கு நியாயங் கற்பித்தார் பலர். ஆசிரியர் விளங்க ஓதிய இடத்தும் கற்பார் மயங்குவராயின், ஓதாது விட்ட இடத்தில் மயங்குதல் சொல்லவேண்டா.

இக்கொள்கைக்குத் தலையாய தடையொன்றை டார்வினே எடுத்துக்கூறினர். தேனீக்கூட்டில் உழைக்கும் ஈக்கள் பொதுவாக ஈனுவதில்லை. பாலூட்டும் விலங்கைக் கொட்டிய உழைப்பீ, கொடுக்கு ஆண்டே தங்கிவிட, உயிர்நீங்கும். மக்களைப் பெறாத இவ்வீயின் உறுப்பும் ஒழுக்கமும் பின்வருவனவற்றிற்குச் செல்லுதல் யாங்ஙனம்? தங்கொள்கை முழுவதையும் அழிக்கவல்ல இடராக இது தமக்கு முதலில் தோன்றியது என்று அவர் மறையாது எழுதினர். தெரிவு தனி உயிரின்கண் மட்டுமன்றிக் குடும்பத்தின்கண்ணும் நிகழும் என்பது அவர் கண்ட விடை.

அவ்விடையைக் கணக்கால் நிறுவினவர் வில்லியம் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேயர், ஆண்டு 1964. உடன்பிறந்தார் இருவர், பெற்றோர் வழியாக, தம் மரபணுக்களிற் சராசரி அரைப்பங்கு பொதுவாக உடையர். மாற்றாந்தாய் மக்கள் கால்பங்கு உடையர். சிற்றப்பன் மக்கள் அரைக்கால் பங்கு உடையர். ஓருயிர் தனக்கு நேரும் இழப்பினும், தன்னாற் பிறிதுயிர் பெறும் பயனை உறவின் பங்காற் பெருக்கிய தொகை மிகுதியாயின், அச்செயலைத் தூண்டும் மரபணு பெருகும். இதுவே ஹாமில்டன் விதி எனப்படுவது. தேனீ முதலியவற்றுள் ஆண் கருவுறா முட்டையினின்று பிறத்தலின், ஒரே தந்தைக்குப் பிறந்த சகோதரிகள் முக்கால் பங்கு பொதுவாக உடையர். இம்முக்காலே ஈக்களின் துறவிற்கு முழுக்காரணம் எனச் சிலர் கொண்டனர். அது பொருந்தாது. தேன்கூட்டுத் தாய் பல ஆண்களைக் கூடுதலின் அம்முக்கால் குறைபடும். ஆணும் பெண்ணும் ஒப்ப இருபெற்றோர் வழிப் பிறக்குங் கறையானுள்ளும் இத்தகைய உழைப்பினம் உண்டு. ஆகவே ஏது ஓரிடத்துச் செல்லாது ஒழிதலின், பொதுவிதியே கொள்ளப்படும்; முக்கால் என்பது அதற்கு ஒரு சிறப்பு நிலையாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா மலைமேல் வாழுந் தரை அணில்கள் இவ்விதிக்குச் சான்று. நிலத்தில் வரும் பகைவிலங்கைக் கண்ட அணில் கூவி எச்சரிக்கும். கூவுவது தானே அப்பகைக்கு இரையாதலும் உண்டு. பால் ஷெர்மன் 1977-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அருகில் மகளோ சகோதரியோ வாழும் பெண்ணணில்கள் மிகுதியாய்க் கூவுதலும், வளர்ந்தபின் பிறந்த இடத்தை நீங்கி உறவின்றி வாழும் ஆணணில்கள் அருகியே கூவுதலும் காட்டப்பட்டன. உறவில்லாவழியும் ஈகை தோன்றும். நடு அமெரிக்காவின் கோஸ்டாரிகா நாட்டில் குருதியுண்ணும் வௌவால், இரண்டு மூன்று இரவு இரைபெறாதாயின் மாளும். பசித்ததற்கு மற்றொன்று தான் உண்ட குருதியைக் கக்கி ஊட்டுகின்றது. உறவினர்க்கேயன்றி நெடுநாள் உடனுறைந்தார்க்கும் இங்ஙனம் ஊட்டுதலை ஜெரால்டு வில்கின்சன் 1984-இல் எழுதினர்.

கொடுமைக்கும் இதே கணக்கு உண்டு. இராசபுத்தானத்து ஆபு மலையில் வாழும் அனுமக்குரங்குக் கூட்டங்களை ஆராய்ந்த சாரா ஹிர்டி என்னும் அம்மையார், புறத்திருந்து வந்த ஆண் பழைய தலைவனைத் துரத்திக் கூட்டத்தைக் கைப்பற்றியபின் பால்குடிக் குட்டிகள் கொல்லப்படுதலைக் குறித்து 1977-இல் ஒரு நூல் வெளியிட்டனர். குட்டியை இழந்த தாய் விரைவில் மீண்டுங் கருவுறத் தக்கதாதலின், அக்கொலை புதிய ஆணின் வழித்தோன்றலைப் பெருக்கும் என்பது அவர் துணிபு. நெருக்கத்தால் வந்த பிறழ்ச்சியே அது எனச் சிலர் மறுத்தனர். 1999-இல் நேபாளத்து இராம்நகர்க் குரங்குகளின் மரபணுவைச் சோதித்தோர், கொன்ற ஆண்கள் இறந்த குட்டிகளின் தந்தையர் அல்லர் என்று கண்டமையால், ஹிர்டியின் கொள்கை வலுப்பெற்றது.

ஈண்டு ஒன்று உற்றுநோக்கற்பாலது. தேனீ முக்காலையும் அரையையும் கணக்கிடுவதில்லை. அணில் உறவின் பங்கை அறிவதில்லை. ஆண்குரங்கு தன் வழித்தோன்றலை எண்ணிக் கொன்றது என்பதற்குச் சான்றில்லை. அக்கணக்கு தெரிவின் விளைவைக் காணும் ஆராய்ச்சியாளருடையது, விலங்கினுடையதன்று. விலங்கின்பால் உள்ளது ஒரு நிமித்தத்தைக் கண்டவழி ஒரு செயலைச் செய்யுந் தூண்டுதலே. காக்கை தன் கூட்டிற் பொரிந்த குயிற்குஞ்சை ஊட்டி வளர்த்தல் இதனை நன்கு காட்டும். உறவினை அறிந்து ஊட்டுவதாயின் அது குயிற்குஞ்சை ஊட்டாது. 'என் கூட்டில் வாய்திறப்பது' என்னும் நிமித்தமே அதனைச் செலுத்துகின்றது.

மாந்தர்பாலும் இத்தகையன சில உள. உடன்வளர்ந்தார்மாட்டு மணவிழைவு எழாமை இயற்கை என்று பின்லாந்து நாட்டு எட்வர்டு வெஸ்டர்மார்க் 1891-இல் எழுதினர். தைவான் தீவில் முற்காலத்தே, மகனுக்கு மனைவியாதற்பொருட்டுப் பிறர் பெண்மகவைச் சிறுபருவத்திலேயே கொண்டுவந்து அவனோடு உடன்வளர்க்கும் வழக்கம் இருந்தது. அம்மணங்களை ஆராய்ந்த ஆர்தர் உல்ப், ஏனைய மணங்களினும் அவற்றில் மகப்பேறு குறைந்தும் மணமுறிவு மிகுந்தும் இருந்தமை கண்டனர். அவர் உறவினர் அல்லர்; உடன்வளர்ந்தமை என்னும் நிமித்தமே வெறுப்பை விளைத்தது. ஆயினும் அவருட் பெரும்பாலார் பெற்றோர் சொற்கு இணங்கி மணந்து வாழ்ந்தனர் என்பதும் மறக்கற்பாலதன்று. இயற்கை ஒருபாற் சாய்த்தது, முற்றுங் கட்டிற்றில்லை.

இவ்வளவும் உளங்கொண்டு டாக்கின்ஸ் நூற்கு வருவாம். தன்னலம், பிறர்நலம் என்னுஞ் சொற்களை உள்ளத்து நோக்கங் குறியாது விளைவு ஒன்றே குறித்து வழங்குவதாக அவர் முதல் அதிகாரத்தில் வரையறுத்தனர். தன் நலங் குறையப் பிறிதொன்றன் நலம் மிகச் செய்வது பிறர்நலம். அதன் மறுதலை தன்னலம். மரபணு தன் படிகள் பெருகுமாறு விளைவு தருதலின் தன்னலமுடையது எனப்பட்டது. இது பரிபாடையாய் அமைத்துக்கொண்ட பொருள். 1979-இல் மேரி மிட்ஜ்லி என்னும் ஆங்கில மெய்ந்நூலறிஞர், மரபணுவிற்குத் தன்னலங் கூறுதல் அணுவிற்குப் பொறாமை கூறுதல் போலும் என்று கடுமையாக மறுத்தனர். வரையறை முன்னரே ஓதப்பட்டமையின், அம்மறுப்பு நூலின் கொள்கையைத் தாக்காது. இடைச்சேரியை ஆற்றின்மேல் வைத்து நகைத்தவரோடு ஒப்பர் அவ்வளவில் அவ்வறிஞர்.

ஆயின் நூலாசிரியரும் குற்றத்தின் நீங்கினாரல்லர். பரிபாடையாய் அமைத்த சொல்லை அதே அதிகாரத்தில் உலகவழக்குப் பொருளில் ஆண்டு, மாந்தர் பிறவியிலேயே தன்னலமுடையர், ஆதலின் ஈகையைக் கற்பிக்கவேண்டும் என்னுங் கருத்துப்பட எழுதினர். மரபணுவின் தன்னலம் விளைவு குறித்தது. மாந்தரின் தன்னலம் நோக்கங் குறித்தது. முன்னையதினின்று பின்னையது பெறப்படாது. 'நவகம்பளம் உடையான்' என்றவழிப் புதிய கம்பளம் என்னும் பொருளை விட்டு ஒன்பது கம்பளம் எனக் கொள்வதனைத் தருக்கநூலார் சலம் என்ப. ஒரு சொல்லின் இருபொருளை மயக்குதலால் இதுவும் அவ்வினத்ததே. பிறர் கூற்றில் அன்றித் தங்கூற்றிலேயே நிகழ்ந்தமைதான் வேறுபாடு. வௌவாலின் ஊட்டலையும் அணிலின் கூவலையும் மரபணுவின் 'தன்னலமே' பயந்தது என்று அவர் நூலே நிறுவுகின்றது. அங்ஙனமாயின், அதே மரபணு மாந்தர்பாலும் அன்பைப் பிறவியிலேயே பயத்தல் கூடும் என்பது தானே போதரும்.

முப்பது ஆண்டு கழிந்தபின், 2006-இல் வந்த பதிப்பின் முன்னுரையில் டாக்கின்ஸ் இக்குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டனர். பிறவித் தன்னலங் கூறிய அவ்வாக்கியம் பிழைவழிப்படுத்துவது என்றும், கற்பார் அதனையும் அது போல்வனவற்றையும் தம் மனத்தால் நீக்கிப் படிக்குமாறும் வேண்டினர். மரபணுவிற்கு அழியாமையேனும் கூட்டுறவேனும் அடையாகப் புணர்த்து நூற்பெயரை அமைத்திருத்தலுங் கூடும் என்று அங்கே எழுதினர். தம் வாக்கியத்தைத் தாமே கடியும் இந்நேர்மை பாராட்டற்பாலது. ஆயினும் நூலின் பெயர் கோடிக்கணக்கானோர் செவியிற் புகுந்தது; முன்னுரையின் திருத்தம் சிலர் கண்ணிலேயே பட்டது. நூற்குப் பெயரிடுவார் இதனை எண்ணுதல் நன்று.

பிறிதொரு முட்டுப்பாடும் உண்டு. உடல்கள் மரபணுக்கள் தம்மைக் காத்தற்கு இயற்றிய பொறிகள் என்று தொடக்கத்திற் கூறிய ஆசிரியர், முதற்பதிப்பின் இறுதியதிகாரமாகிய பதினோராம் அதிகாரத்தின் முடிவில், உலகில் மாந்தர் மட்டுமே அம்மரபணுக்களின் கொடுங்கோன்மையை எதிர்த்து நிற்க வல்லர் என்றனர். எதிர்த்து நிற்பது யாது? பொறியே எனின், பொறியை இயக்குவதனைப் பொறி எதிர்த்தல் யாங்ஙனம் என்னும் வினா எழும். மூளையின் ஆற்றல் எனின், அதுவும் அப்பொறியின் உறுப்பே. இதற்கு அந்நூலின்கண் விடை இல்லை. அது குற்றமும் அன்று. உயிர்நூல் தன் எல்லையைக் கடந்து பேசப்புகுந்த இடம் அது. கருவியையும் கருத்தாவையும் பகுத்து ஆராய்வது சித்தாந்தத்தின் வேலை. உடம்பும் கரணங்களும் எவ்வழி வந்தன என்பதற்கு உயிர்நூல் சான்று காட்டுமாயின், அவற்றைக் கொண்டு அறிவானும் செய்வானும் யார் என்னும் வினா அதனால் அழிவதில்லை, தீர்வதுமில்லை.

ஆகலின், உயிர் பல பிறவிகளில் பல உடம்பெடுக்கும் என்னும் சைவநூற் கொள்கையைக் காட்டி, டார்வின் கொள்கை முன்னரே இங்குக் கூறப்பட்டது என்று பெருமை கொள்ளுதலும் ஒவ்வாது. அது ஓருயிர் வினைக்கீடாய் உடம்புதோறும் செல்லுதலைப் பற்றியது. இஃது உடம்புகள் தாய் தந்தையர் வழித் தலைமுறைதோறும் வேறுபடுதலைப் பற்றியது. புல் மாள, அதன்கண் நின்ற உயிர் பிறிதோருடம்பிற் புகும் என்பது வேறு; புல்லினம் வழிவழி வேறுபட்டுப் புதிய புல்லினமாம் என்பது வேறு. இரண்டினையும் ஒன்றாக்குவார் இரண்டினையும் அறியாதவரே.

இனித் தொகுத்துரைக்குமிடத்து, இந்நூலின் குணங்கள் மூன்று: அரிய கணக்கினை எளிய நடையில் விளக்கினமை, விலங்குகளின் அன்பும் கொடுமையும் ஒரே விதியின் இருமுகம் எனக் காட்டினமை, சொற்குப் பொருளை முன்னரே வரையறுத்தமை. குற்றம் ஒன்று: அவ்வரையறையைத் தானே ஓரிடத்து மறந்தமை. குரங்கின் கொலைக்குக் காரணங் காட்டினமையால் அக்கொலை நன்றாகாது. நோய்க்கு முதல் நாடிய மருத்துவன் நோயைப் புகழ்ந்தானல்லனே. ஓரியல்பு எவ்வாறு வந்தது என்பது ஒரு வினா. அதனை ஏற்பதோ விலக்குவதோ தக்கது என்பது பிறிதொரு வினா. முன்னையதனை உயிர்நூலாரிடம் கேட்டறிக. பின்னையதற்குரிய விடையை அவர் தாராமை பற்றி அவரை நோவாதொழிக. தந்தாரென மயங்கி அறத்தைக் கைவிடாதும் ஒழிக.